கோடு விழாத பிரிவு

ப்ரூக்லேபன்
1 மார்ச் 1933, புதன் இரவு

என் அன்பு டில்டே,

முதலில் ஒரு சத்தியம் செய்துவிட்டு மேலே படி. இதை யாரிடமும் காட்டாதே, உன் அம்மாவிடம்கூட. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. இதற்கு முன்னால் நான் உன்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். கணப்புக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து, அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

பெர்லினில் பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது உங்கள் ஊர்வரை தெரிந்திருக்கும். நேற்றே அவசரச் சட்டம் போட்டுவிட்டார்கள். அப்பாவின் பத்திரிகையை இரண்டு வாரத்துக்கு நிறுத்திவிட்டதால் அச்சுக்கூடத்தில் அவருக்கு வேலை இல்லை. மத்தியானம், அந்த உத்தரவு முழுதாக அச்சாகியிருந்த ஆளும் கட்சிப் பத்திரிகை ஒன்றை வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் விரித்துப் போட்டார். பிறகு அலமாரியிலிருந்து அரசியல் சட்டப் புத்தகத்தை எடுத்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், அந்தச் சாம்பல் நிற அட்டைப் புத்தகம். பள்ளி முடிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்று அப்பா உன்னிடம் பீற்றிக்கொள்வாரே, அதுதான். நம் வட்டாரப் பள்ளிகளுக்கான பதிப்பை ஈய எழுத்தில் கோத்தவர் அவர்தான்.

"பென்சில் எடுத்துக்கிட்டு வா" என்றார். உத்தரவு நிறுத்திவைத்த பிரிவுகளின் எண்ணை அவர் வாசிக்க வாசிக்க, புத்தகத்தில் அவற்றின் குறுக்கே நான் கோடு போட்டேன்.

"நூத்திப் பதினாலு."

காரணமில்லாமல் யாரையும் பிடித்து அடைக்கக் கூடாது என்கிற பிரிவு. கோடு.

"நூத்திப் பதினஞ்சு." ஒவ்வொருவர் வீடும் அவரவர் புகலிடம், அத்துமீறி யாரும் நுழையக் கூடாது என்பது. "நூத்திப் பதினேழு." கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்பது. கோடு, கோடு. மொத்தம் ஏழு பிரிவுகள்.

அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள். "எத்தனை நாளைக்காம்?"

"மறு அறிவிப்பு வர்ற வரைக்கும்."

"நம்ம மாடிப்படிக் கைப்பிடியும் மறு அறிவிப்பு வர்ற வரைக்கும்தான் உடைஞ்சு கெடக்கு. வீட்டுக்காரன் சீட்டு ஒட்டி ஆறு வருஷம் ஆச்சு."

அப்பா சிரிக்கவில்லை. நாற்பத்தெட்டாம் பிரிவைப் புரட்டி என்னிடம் காட்டினார். ஆபத்து வந்தால் ஜனாதிபதி சில உரிமைகளை நிறுத்திவைக்கலாம் என்று அதில் இருக்கிறது. எவற்றை நிறுத்தலாம் என்று எண் போட்டே பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். அதே ஏழு எண்கள்.

"இந்த வரியையும் நான்தான் கோத்தேன். ஏழு எண்ணையும் கையெழுத்துப் பிரதியோட வச்சு ஒண்ணொண்ணா சரிபார்த்தேன். ஒரு பிழை கிடையாது" என்றார்.

"வீட்டைக் கட்டும்போதே பின்பக்கமா ஒரு கதவை வச்சு, சாவியை ஒரே ஆள் கையில குடுத்திருக்கீங்க" என்றாள் அம்மா.

"நெருப்புப் பிடிச்சா தீயணைப்புக்காரங்க உள்ள வர வேண்டாமா?"

"இப்பதான் பிடிச்சிருக்கே."

ஞாயிற்றுக்கிழமை தேர்தல். அம்மா ஓட்டுப் போட நீல உடுப்பைத் தேய்த்து மாட்டிவைத்திருக்கிறாள். பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்ததும் இதே புத்தகம்தான், அதை மட்டும் மறக்கக் கூடாது என்று தூங்கப் போகும்முன் அப்பா சொன்னார். என்னிடம் சொன்னாரா தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

உன் அன்புள்ள,
தெக்லா


ஸார்ப்ரூக்கன்
6 மார்ச் 1933

என் தெக்லா கண்ணு,

சத்தியத்தைக் காப்பாற்றினேன். கடிதம் அடுப்புக்குள் போய்விட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பயப்படாதே. உன் உறை இரண்டு தடவை ஒட்டினது மாதிரி இருந்தது. நீ எப்போதும் நக்கி ஒட்டுவாய், ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். இது நாலு மூலையும் அழகாக, பழுப்புப் பசையில் ஒட்டியிருந்தது. ஆகவே இனி தபாலில் போடாதே. என் ஆல்வின் மாமா சரக்கு ரயிலில் கார்டு அல்லவா, வாரத்துக்கு ஒருமுறையாவது உங்கள் ஸ்டேஷன் வழியாக வருவார். அவரிடம் கொடு. அவர் சாப்பாட்டுத் தூக்கின் அடியில் வைத்துக் கொண்டுவருவார், கொஞ்சம் வெங்காய வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதமும் அப்படித்தான் வருகிறது.

எங்கள் ஊரில் அந்த அவசரச் சட்டம் செல்லாது. போருக்குப் பிறகு பதினைந்து வருஷத்துக்கு எங்களை வெளிநாட்டு ஆணையம்தானே ஆள்கிறது. "நம்மள ஆளுறவங்கள நாம தேர்ந்தெடுக்கல. ஆனா கடுதாசி பிரிக்காம வருது. அங்க அவங்களே தேர்ந்தெடுத்தாங்க, கடுதாசியப் பிரிக்கிறாங்க" என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அது சிரிப்பு மாதிரியே இல்லை.

இங்கே பள்ளி முடிக்கும்போது அந்தச் சாம்பல் புத்தகம் தருவார்களா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. நோல்ட்டே டீச்சரிடம் சொல்லி எனக்கும் ஒன்று வாங்கி வை. முதல் பக்கத்தில் என் பெயரை அவர் கையால் எழுதச் சொல். கிறிஸ்துமஸ் வரைக்கும் நானும் அவர் வகுப்புப் பிள்ளைதானே.

நம் விளக்கு எரிகிறதா? இங்கே வந்த பிறகு நான் நிறைய பேரிடம் அதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஒருத்தியும் நம்ப மாட்டேன் என்கிறாள். முப்பத்தொரு பிள்ளைகள் மனு எழுதிக் கையெழுத்துப் போட்டு, நகராட்சி பதினோராம் நாள் தெருவிளக்கு நட்டது என்றால், "அப்புறம், சந்திரனையும் கேட்டீங்களா?" என்று கிண்டல் செய்கிறார்கள்.

பத்திரமாக இரு. உன் அப்பாவை வாயை அடக்கிக்கொள்ளச் சொல். கேட்கமாட்டார், இருந்தாலும் சொல்.

உன்னுடைய,
டில்டே


ப்ரூக்லேபன்
20 மார்ச் 1933, திங்கள் இரவு

என் அன்பு டில்டே,

இதையும் யாரிடமும் காட்டாதே. ஆனால் இந்தத் தடவை நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்பதாம் தேதி காலை, ஆளும் கட்சியின் அடியாள் படையான பழுப்புச் சட்டைக்காரர்கள் அச்சுக்கூடத்துக்குள் புகுந்தார்கள். எழுத்துப் பெட்டிகளை மாடி ஜன்னல் வழியாக வெளியே கொட்டினார்கள். நான் பள்ளியிலிருந்து வரும்போது தெரு முழுக்க ஈய எழுத்து, காலை வைத்தால் நறநறவென்றது. சின்னப் பையன்கள் தங்கள் பெயரெழுத்தைத் தேடிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வேலை இல்லாவிட்டாலும் எழுத்துகளை அடுக்கிவைக்கப் போயிருந்த அப்பா, நல்லவேளையாகப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். தொழிலாளர் சங்கத்தில் அச்சுக்கூடத்துப் பிரதிநிதி என்பதால் அவர் பெயர் அவர்கள் கையிலிருந்த காகிதத்தில் இருந்ததாம். அவரோடு வேலை பார்த்த இரண்டு பேரைக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பெயர் பாதுகாப்புக் காவல். "யாரை யார்கிட்டேருந்து பாதுகாக்கவாம்?" என்று அம்மா கேட்டாள். யாரிடமும் இல்லை, இஸ்திரிப் பெட்டியிடம்.

அப்பா இப்போது எங்கள் தோட்டத்துக் குடிசையில் இருக்கிறார். சர்க்கரை ஆலைக்குப் பின்னால் நகராட்சி வாடகைக்கு விட்டிருக்கிறதே, அந்தத் தோட்டங்களில் நாற்பத்தோராம் எண். மண்வெட்டியும் உருளைக்கிழங்கு மூட்டையும் வைக்கிற இடம். அங்கே வளர்க்கிற முயல்களுக்கு இலை கொண்டுபோகிற சாக்கில் நான் தினமும் சூப் எடுத்துப் போகிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் வென்ட்ரிஷ் தாத்தா தினமும் கேட்கிறார். "உங்க முயலு சூப் குடிக்குதா, பொண்ணே?" அவருக்குத் தெரியும். சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன்.

புகை தெரியும் என்பதால் அப்பா நெருப்பு மூட்டுவதில்லை. இருமல் மார்புக்குள் இறங்கிவிட்டது. இருமும்போது வாயில் சாக்கைத் திணித்துக்கொள்கிறார். நான் பார்க்காத மாதிரி முயல்களைப் பார்க்கிறேன். நேற்று கேட்டேன்.

"அப்பா, அந்த நாப்பத்தெட்டாம் பிரிவை நீங்க கோக்கும்போது ஒண்ணும் தோணலையா?"

"தோணுச்சு. எண்ணு தப்பா விழுந்துடக் கூடாதேன்னு தோணுச்சு."

"அவ்வளவுதானா?"

"அதுக்குக் கீழேயே இன்னொரு வரி இருக்கு, தெக்லா. பாராளுமன்றம் வேண்டாம்னு சொன்னா ஜனாதிபதி அந்த உத்தரவைத் திரும்ப எடுத்துக்கணும். அதைப் படிச்சதும் மனசு ஆறிடுச்சு. பாராளுமன்றத்தையே கலைக்கிற அதிகாரமும் அவர்கிட்டதான் இருக்குன்னு இருபது பக்கம் முன்னாடியே கோத்திருந்தேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கல. எழுத்துக் கோக்கிறவன் வரி வரியாத்தான் பார்ப்பான்."

பிறகு இருமல் வந்துவிட்டது.

அங்கிருந்து வந்ததும் நான் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து பார்த்தேன். எனக்கும் அப்பா மாதிரி வரி வரியாகத்தான் பார்க்கத் தெரியும். ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்தேன், டில்டே. நூற்றிருபத்தாறாம் பிரிவுக்கு நாங்கள் கோடு போடவில்லை. எந்தக் குடிமகனும் எந்த அதிகாரிக்கும் எழுத்து மூலம் மனு கொடுக்கலாம் என்று சொல்கிற பிரிவு. நம் விளக்கு வந்த பிரிவு. பத்திரிகையில் வந்த உத்தரவை வெட்டி வைத்திருக்கிறேன், மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்த எண் அதில் இல்லவே இல்லை. அப்படியானால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆகவே இன்று மாவட்ட அதிகாரிக்கு மனு எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். இதுதான் நல்ல செய்தி. நோல்ட்டே டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரியே எழுதினேன். மரியாதையாக, சுருக்கமாக, உண்மையை மறைக்காமல், முழு முகவரியோடு. முகவரி இல்லாத மனு குப்பைக்கூடைக்குத்தான் போகும் என்று அவர் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டது உனக்கு ஞாபகம் இருக்குமே. உனக்காக ஒரு நகல்:

"அரசியல் சட்டம் 126ஆம் பிரிவின்படி பணிவான மனு. என் தந்தை எவால்ட் கோப்கே, அச்சுக் கோப்பவர், எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவர் தப்பி ஓடவும் இல்லை. சர்க்கரை ஆலைக்குப் பின்னால் 41ஆம் எண் தோட்டத்தில்தான் இருக்கிறார், யார் வேண்டுமானாலும் வந்து விசாரித்துக்கொள்ளலாம். அவருக்கு இருமல் இருக்கிறது. அவர் அச்சமின்றி வீடு திரும்ப அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். தெக்லா கோப்கே, எட்டாம் வகுப்பு, மில் தெரு 9, மூன்றாம் மாடி."

ஒளிந்திருக்கிறார் என்றால்தானே சந்தேகப்படுவார்கள், இதோ இங்கே இருக்கிறார் என்று சொல்லிவிட்டால் எதற்குச் சந்தேகம். அம்மாவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. பதில் வந்ததும் சூப்போடு எடுத்துப்போய்க் கொடுப்பேன். விளக்குக்குப் பதினோரு நாள் ஆனது. இது மனிதர் விஷயம், சீக்கிரம் வரும்.

ஆல்வின் மாமா நாளை விடியற்காலை வருகிறாராம். ஓடிப்போய்க் கொடுக்க வேண்டும்.

உன் அன்புள்ள,
தெக்லா


ஸார்ப்ரூக்கன்
22 மார்ச் 1933
விரைவுத் தபால்

தெக்லா,

மாமா அடுத்த சனிக்கிழமைதான் உங்கள் பக்கம் வருவார். அதுவரை காத்திருக்க முடியாது, அதனால் தபாலில் போடுகிறேன். யார் படித்தாலும் படிக்கட்டும்.

நான் சத்தியத்தை மீறினேன். உன் கடிதத்தை அப்பாவிடம் காட்டிவிட்டேன். மன்னித்துவிடு. எனக்கும் உன்னை மாதிரியே சந்தோஷமாகத்தான் இருந்தது, நகலை அவருக்குப் படித்துக்காட்டி மெச்சிக்கொள்ளத்தான் போனேன். அவர் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

"எண்ணோட எழுதிட்டாளா? இடத்தோட எண்ணையா?"

"முகவரி இல்லாட்டி மனு செல்லாதுப்பா. நூத்தி இருபத்தாறுக்குக் கோடு போடல, அவ மூணு தடவை பார்த்திருக்கா."

"கோடு போடலதான். யாரு இல்லேன்னா? மனு தாராளமா குடுக்கலாம். அதை வாங்கினவன் என்னென்ன செய்யக் கூடாதுன்னு சொன்ன பிரிவுக்கெல்லாந்தான் கோடு போட்டுட்டாங்க. இதை மட்டும் ஏன் விட்டு வச்சாங்கன்னு நெனக்கிற?"

பிறகு என்னைத் திட்டவும் இல்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு என்னோடு தபாலாபீஸுக்கு வந்தார். இப்போது மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சீக்கிரம், சீக்கிரம் என்கிறார்.

இது கைக்கு வந்த நிமிஷமே ஓடு. உன் அப்பாவை அங்கிருந்து கிளம்பச் சொல். எங்கே போக வேண்டும் என்று இதில் எழுத மாட்டேன். அவருக்குத் தெரியும்.

டில்டே


ப்ரூக்லேபன்
24 மார்ச் 1933, வெள்ளி இரவு

டில்டே,

உன் கடிதம் இன்று மாலை ஐந்து மணிக்கு வந்தது. விரைவுத் தபால்தான். நாலு மூலையும் பழுப்புப் பசையில் ஒட்டியிருந்தது.

ஓடினேன். கோட்டுப் போடாமல் ஓடினேன். சர்க்கரை ஆலைச் சுவரைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது, குடிசைக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. மத்தியானம் நான் வைத்துவிட்டு வந்த சூப் தூக்கு மூடி திறக்காமல் இருந்தது. கோட்டு இல்லை. பூட்ஸ் இல்லை. ஆனால் மூக்குக் கண்ணாடி உருளைக்கிழங்கு மூட்டை மேல் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அப்பாவால் பத்தடிக்கு அப்பால் யார் என்று சொல்ல முடியாது. அவராகக் கிளம்பிப் போனால் கண்ணாடியை விட்டுவிட்டுப் போவாரா? அவர்கள் கொண்டுபோயிருந்தால் கோட்டு மாட்டிக்கொள்ள நேரம் கொடுப்பார்களா? முயல்களுக்குப் புது இலை போட்டிருந்தது. யோசித்து யோசித்து எனக்கு மண்டை வலிக்கிறது.

வென்ட்ரிஷ் தாத்தா வேலியோரம் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார். இருட்டிவிட்டது, அப்போதும் கொத்திக்கொண்டிருந்தார்.

"தாத்தா, யாராவது வந்தாங்களா?"

"நான் எதையும் பாக்கல, பொண்ணே."

"கொஞ்சம் சொல்லுங்க தாத்தா."

"நான் எதையும் பாக்கலன்னு நீயும் சொல்லணும். சொல்லுவியா?"

கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது என் முன்னால் மேசைமேல் இருக்கிறது.

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து எட்டு மணிக்கு வந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலைக்குட்டையைக்கூட அவிழ்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"யார் பேருல எழுதின?"

"என் பேருல."

"முழுப் பேரா?"

"ஆமா. வீட்டு எண்ணும் மாடியும் போட்டேன்."

"நல்ல கையெழுத்துல எழுதியிருப்ப" என்றாள். பிறகு, "உன்னச் சொல்லிக் குத்தமில்ல. அந்தப் புத்தகத்தை வீட்டுல வச்சு, எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்த மனுஷன்..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. எழுந்து பெரியம்மா வீட்டுக்குத் தேடப் போனாள். கதவைப் பூட்டிக்கொள், யார் வந்தாலும் திறக்காதே, என்னிடம் சாவி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். போய் இரண்டு மணி நேரமாகிறது.

உன் புத்தகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வேறு எப்போது சொல்வேன் என்று தெரியவில்லை. காலையில் நோல்ட்டே டீச்சரிடம் கேட்டேன். புத்தகப் பெட்டி ஜனவரியிலேயே வந்துவிட்டது, அலமாரியில் பூட்டியிருக்கிறது. "இந்த வருஷம் கிடையாது, தெக்லா" என்றார். "நூத்தி நாப்பத்தெட்டுக்குக் கோடு போட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டேன். பள்ளி முடிக்கிற பிள்ளைக்குப் புத்தகம் கொடுக்கச் சொல்கிற பிரிவு அதுதான். "போடல" என்றார். நேற்று பெர்லினில் ஒரு சட்டம் நிறைவேறிவிட்டதாம், இனி பாராளுமன்றம் இல்லாமலே, அரசியல் சட்டத்தை மீறியும் அரசாங்கமே சட்டம் போடலாமாம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓட்டு விழுந்தது, விதிப்படி. இனிமேல் கோடு போடுகிற வேலைகூட இல்லை என்று சொல்லிவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் சொல்லிக்கொடுத்த முறையில் நான் மனு எழுதினேன் என்று சொல்லப் போனேன், சொல்லவில்லை. காலையில் அது எனக்கு இன்னும் சந்தோஷமான ரகசியமாக இருந்தது.

உன் கடிதங்களை எரித்துவிட்டேன். இதைத் துணிக்குள் மடித்து, கீழ்வீட்டுப் பால்கனியில் விழுகிற மாதிரி ஜன்னல் வழியாகப் போட்டுவிடுவேன். அங்கிருப்பவர் ஆல்வின் மாமாவுக்குத் தெரிந்தவர். இதை மட்டும் எரிக்காதே, டில்டே. வைத்துக்கொள். நான்தான் எழுதினேன் என்று யாராவது ஒருவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வென்ட்ரிஷ் தாத்தாமேல் பழி விழும்.

கணப்பை மூடிவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே, தெருப் படிக்கட்டு முனையில் நம் விளக்கு எரிகிறது, அந்த வெளிச்சம் மேசைவரை வருகிறது, எழுதப் போதுகிறது.

தெருவில் மூன்று பேர் வருகிறார்கள். அம்மா இல்லை, ஆண்கள். விளக்குக்குக் கீழே நின்றுவிட்டார்கள். ஒருவன் சட்டைப்பையிலிருந்து காகிதம் எடுத்து விரிக்கிறான். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கிறான். கோடு போட்ட காகிதம், பள்ளி நோட்டுத் தாள் மாதிரி இருக்கிறது. இப்போது வீட்டு எண்களைப் பார்க்கிறார்கள்.

இங்கே வந்து தேடுகிறார்கள் என்றால் அங்கே அவர் கிடைக்கவில்லை என்றுதானே அர்த்தம்? சொல் டில்டே, அப்படித்தானே? இல்லை, என்னைத்தானா, கையெழுத்துப் போட்டவள் நான்தானே

படியில் பூட்ஸ் சத்தம். கைப்பிடி உடைந்த இடத்தில் ஒருவன் தடுமாறித் திட்டுகிறான். மெதுவாகத்தான் வருகிறார்கள், எந்த மாடி என்று அவர்களுக்குத் தெரியும்.

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாவிடம் சாவி இருக்கிறது. அப்பாவிடமும் சா